சேருமா, சேராதா? தீர்ப்பு உன்னுடையது!

“எல்லாம் சேரும் தம்பி, தைரியமா எடுத்துட்டுப் போங்க!”

மீன் கடையில் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் தலையாட்டுகிறாய். ஒரு கவரில் ஃபைட்டர், இன்னொரு கவரில் நாலைந்து ஆண் கப்பிகள். இரண்டையும் வண்டியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பறக்கிறாய். சில நாளில் கப்பிகளின் வால் கந்தலாகிறது. ஒவ்வொன்றாக மிதக்கின்றன. அப்போது கடைக்காரரைத் திட்டுகிறாய். நான் கடைக்காரரைக் கேட்க மாட்டேன், உன்னைத்தான் கேட்பேன். பார்க்கக் கண் இல்லையா உனக்கு? நிறுத்திக் கேட்க வாய் இல்லையா? “இது சேராது” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடக்க முதுகெலும்பு இல்லையா?

இருக்கிறது தம்பி! இருக்கிறது தங்கையே! எதை எதோடு வைக்கலாம், எதை எதோடு வைக்கவே கூடாது என்கிற அறிவில் உன் விருதுநகர் மாவட்டத்தை மிஞ்ச இந்தியாவில் இன்னொரு மாவட்டம் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் அந்த அறிவு தெருவில் நடமாடுகிறது. பட்டாசுக்குத் திரி வைத்த அம்மாவின் விரலில் இருக்கிறது. மருந்து அறையில் வேலை பார்த்த பெரியப்பாவின் எச்சரிக்கையில் இருக்கிறது. அந்த வீட்டில் பிறந்த நீ, அடுத்தவர் சொன்ன ஒற்றை வார்த்தைக்கு உன் புத்தியை அடகு வைக்கலாமா?

யோசித்துப் பார். பொட்டாசியம் குளோரேட் ஒரு பக்கம், கந்தகம் ஒரு பக்கம். தனித்தனிச் சாக்கில், தனித்தனி அறையில் இருக்கும்வரை இரண்டும் கட்டுக்குள் இருக்கும். ஒரே கலவையில் சேர்ந்துவிட்டால் ஓர் உராய்வு போதும், ஒரு தட்டு போதும். குளோரேட்டோடு கந்தகம் கலந்த வெடிபொருளைச் செய்வதையும் வைத்திருப்பதையும் மத்திய அரசு 1992 ஜனவரியில் தடை செய்தது. அதே ஆணையில் தீக்குச்சித் தலைக்கு விலக்கும் கொடுத்தது. கவனித்தாயா? பொருள்கள் அதேதான். அளவு வேறு, குழைக்கும் விதம் வேறு, செய்யப்போகும் வேலை வேறு. அதனால் தீர்ப்பும் வேறு!

இப்போது ஒரு தீப்பெட்டியைக் கையில் எடு. குச்சியின் தலையில் குளோரேட். பெட்டியின் ஓரத்தில், உரசுகிற பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ். ஒன்றாகக் கலந்தால் கையைப் பறித்துவிடும் ஜோடி அது. அந்த ஜோடியை ஒரே பெட்டியில், ஒன்றை ஒன்று தொடாத இடத்தில் வைத்து, வேண்டிய நேரத்தில் மட்டும் சந்திக்க விட்டு, ஊர் ஊராக அனுப்புகிறது உன் மண். சேர்ப்பது எப்படி, பிரித்து வைப்பது எப்படி என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கல்லூரி உனக்குச் சொல்லிக் கொடுக்கும்?

இந்த அறிவு சும்மா வந்ததில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அதற்கு முன்னும் போயின, பின்னும் போய்க்கொண்டிருக்கின்றன. “சேருமா?” என்ற கேள்வியை யாரோ ஒருவர் கேட்காமல் விட்டதற்கு இந்த மாவட்டம் கொடுத்த விலை அது. அதனால்தான் இதை நான் நெஞ்சு கொதிக்கச் சொல்கிறேன். கேள்வி கேட்கும் பழக்கத்தை நெருப்பிடம் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடத்தில் கைகட்டி நிற்காதே. உன் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் அந்த மூன்றடித் தொட்டிக்கு முன்னாலும் அதே கேள்வியைக் கேள்!

ஏன் கேட்க வேண்டும் தெரியுமா? ஆற்றில் ஒரு மீன் இன்னொரு மீனைத் துரத்தினால், துரத்தப்பட்டது ஓடிவிடும். பாறை இடுக்கு உண்டு, பாசி உண்டு, கோரை உண்டு, மறுகரை உண்டு. உன் தொட்டியில் அதற்கு எங்கே போக்கிடம்? நான்கு கண்ணாடி. காலையில் துரத்தியது இரவிலும் துரத்தும். அந்தச் சிறையைக் கட்டியவன் நீ. உள்ளே யார் யார் என்று முடிவு செய்தவனும் நீ. பொறுப்பு உன்னுடையது என்றால் தீர்ப்பும் உன்னுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

மருந்து அறையில் ஈரத்துக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். அலுமினியப் பொடி கலந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறத் தொடங்கும். கலவை நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால், அது எந்தக் காற்றில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். மீனுக்கும் அப்படித்தான். இரண்டு மீன் சண்டை போடுமா என்று கேட்பதற்கு முன்னால், இரண்டும் ஒரே தண்ணீரில் வாழுமா என்று கேள். நம் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்க நல்ல தண்ணி, புழங்க உப்புத் தண்ணி. தொட்டியை நிரப்ப எதை ஊற்றுகிறோம்? பெரும்பாலும் போர் போட்ட உப்புத் தண்ணியைத்தான். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டுகிற கடினத் தண்ணீர் அது.

அந்தத் தண்ணீரைப் பார்த்து நீ வருத்தப்படாதே! கப்பிக்கும் மோலிக்கும் பிளாட்டிக்கும் வாள்வாலுக்கும் அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள, பி.எச். 7-க்கு மேலே நிற்கிற தண்ணீரில் குட்டி போட்டுப் பெருகும் குடும்பம் அது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்டுகளுக்கும் அதுவே தேவை. அவற்றின் ஏரித் தண்ணீர் பி.எச். 7.7-லிருந்து 8.6 வரை. ஆனால் நியான் டெட்ரா? அது அமேசான் காட்டு ஓடைகளின் பிள்ளை. உதிர்ந்த இலை ஊறிக் கறுத்த, மென்மையான, லேசான புளிப்பு ஏறிய தண்ணீரில் பிறந்த இனம். மோலியையும் நியானையும் ஒரே தொட்டியில் விட்டால் இரண்டும் சண்டையே போடாது, உண்மைதான். ஆனால் யாருக்கு ஏற்ற தண்ணீர் வைத்தாலும் இன்னொன்று நாள்பட நாள்பட நலிந்து போகும். பண்ணையில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்த நியான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதை உன் தண்ணீரை அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரராலும் முடியாது, என்னாலும் முடியாது. அளந்து பார்த்த உன்னால் முடியும்!

கேன் தண்ணீரை ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதே. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது. அதை மட்டும் ஊற்றினால் பி.எச். ஒரு நிலையில் நிற்காது. உப்புத் தண்ணியோடு அளந்து கலப்பவனுக்கு அது வரம், அளக்காதவனுக்கு ஆபத்து. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். டிரம்மில் பிடித்துத் திறந்து ஒரு நாள் வை, இல்லாவிட்டால் ஆன்டி க்ளோரின் சொட்டு விடு.

இன்னொரு கணக்கையும் மனதில் ஏற்று. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி கொல்லாது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் கொடிய நஞ்சாக இருக்கும் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். பி.எச். 9-ல் மூன்றில் ஒரு பங்கையே தாண்டும்! இதன் அர்த்தம் என்ன? எங்கோ மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் ஒருவர் தொட்டியில் தாங்கிய மீன் கூட்டம் உன் போர் தண்ணீரில் தாங்காமல் போகலாம். அவர் சொன்னது பொய் இல்லை. அவர் தண்ணீரில் அது மெய். உன் ஊருக்கு உன் கணக்கை நீதான் போட வேண்டும்.

நம் ஊர் வெயிலையும் அந்தக் கணக்கில் சேர். கோல்டு ஃபிஷ் குளிர்ச்சியை விரும்பும் மீன். 18-லிருந்து 24 டிகிரி வரை அதற்குச் சுகம். டிஸ்கஸ் 28-லிருந்து 30 டிகிரி கேட்கும். இரண்டையும் சேர்த்து வைக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அந்த நொடியே “இல்லை” என்று சொல்லும் துணிவு உனக்கு வர வேண்டும். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 8.3 மில்லிகிராம் தங்கும் ஆக்சிஜன் 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். கார்த்திகையில் சேர்ந்திருந்த கூட்டம் சித்திரையில் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான்.

பட்டாசு ஆலையில் இன்னொரு பாடமும் உண்டு. நேற்றுக் கலந்து மீந்த மருந்து, இன்று நேற்றைய மருந்து இல்லை. காலம் அதை மாற்றிவிடும். மீன் தொட்டியில் இந்தப் பாடத்தை மறந்தவர்கள்தான் அதிகம். ஏஞ்சல் மீனை ஐந்து ரூபாய் நாணய அளவில் வாங்குகிறாய். அதோடு பத்து நியான். எவ்வளவு அழகாக நீந்துகின்றன! சில மாதம் கழித்து நியான் எட்டு. பிறகு ஆறு. செத்த உடல்கூடக் கிடைக்காது. எங்கே போயின? ஏஞ்சல் 15 சென்டிமீட்டர் வரை வளரும் மீன். அதன் வாயும் வளர்ந்தது. அதன் வாய்க்குள் போகிற எதுவும் அதற்கு இரைதான். அது கொலைகாரன் இல்லை தம்பி, அது தன் இயல்பில் இருந்தது. இன்றைய அளவைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது நீ.

ஆகவே, கடையில் தெரியும் அளவை மறந்துவிடு. வளர்ந்த அளவைக் கேள், தேடு, படி. ஆஸ்கர் ஒரு அடியைத் தாண்டும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று இரண்டு அங்குலத்தில் விற்கும் சக்கர் மீன் ஒன்றரை அடிக்குக் குறையாமல் வளரக் கூடியது. வெள்ளி நிறத்தில் ‘ஷார்க்’ என்ற பெயரில் விற்கிறார்களே, அது பங்காசியஸ் கெளுத்தி. ஒரு மீட்டரையும் தாண்டும் ஆற்று மீன். மூன்றடித் தொட்டியில் அதற்குத் துணை எது என்று கேட்பதே தவறு. அதற்கே அங்கே இடமில்லை.

சிறியது பெரியதைக் கொல்வதும் உண்டு. கோரிடோரஸ் என்ற குட்டிக் கெளுத்தி அடித்தரையில் சாதுவாகத் துழாவிக்கொண்டிருக்கும். அதன் துடுப்பில் முள் இருக்கிறது. ஆஸ்கர் அதை விழுங்கப் போனால் முள் தொண்டையில் குத்தி நிற்கும். இரண்டும் சாகும்.

குணத்துக்கு வருவோம். இங்கேதான் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் அதிகம். “அது சாது”, “இது முரடு” என்று ஒரு சொல்லில் முத்திரை குத்திவிடுவார்கள். ஃபைட்டரை எடுத்துக்கொள். தாய்லாந்து 2019-ல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த மீன் அது. மனிதர்கள் அதைச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த வரலாறு மிக நீண்டது. அதன் கண்ணுக்கு, நீளமாக விரிந்து நிறம் காட்டும் வால் என்றால் எதிரி ஆண். ஆண் கப்பியின் வால் எப்படி இருக்கிறது? உனக்கே தெரிகிறதல்லவா? அதே ஃபைட்டர், அடித்தரையில் மண் நிறத்தில் ஊரும் கோரிடோரஸைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. முரடு என்ற ஒற்றைச் சொல்லில் இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது?

டைகர் பார்பைப் பார். இரண்டே இரண்டு வாங்கி ஏஞ்சலோடு விட்டால் ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கொத்திக் கொத்தியே நார் நாராக்கிவிடும். பத்து டைகர் பார்பாக வைத்தால் துரத்தலும் போட்டியும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். எண்ணிக்கை குணத்தையே திருப்பிப் போடுகிறது! அப்போதும் நீண்ட துடுப்பு மீனை அதோடு சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். கோல்டு ஃபிஷ்ஷிலோ ஒரே இனத்துக்குள்ளேயே சேராமை உண்டு. ஒற்றை வால் காமெட் பாய்ந்து இரையை முடித்துவிடும். தள்ளாடி வரும் லயன்ஹெட் பட்டினி கிடக்கும். ஒரு கடி இல்லை, ஒரு காயம் இல்லை, ஆனாலும் ஒன்று சாகிறது. சண்டை கண்ணில் படவில்லை என்பதால் சேர்ந்துவிட்டன என்று நினைக்காதே. இரை போடும்போது எது கடைசியாக வருகிறது என்று பார். விளக்கை அணைத்த பிறகு சக்கர் மீன், அசையாமல் நிற்கும் கோல்டு ஃபிஷ்ஷின் உடம்புக் கொழகொழப்பைச் சுரண்டுகிறதா என்று பார்.

இதெல்லாம் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கின் கணக்கு என்று ஒதுக்கிவிடாதே. உன் ஊர்க் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து மீன் குஞ்சு விடுகிறவர்கள் காலங்காலமாகப் போடும் கணக்கு இதுதான். கட்லா மேல் தண்ணீரில் மேயும். ரோகு நடுவில். மிருகால் அடியில். மூன்றும் ஒரே நீரில் இருந்தும் ஒன்றின் தட்டில் இன்னொன்று கை வைப்பதில்லை. புல் கெண்டையைச் சேர்த்தால் செடியைத் தின்னும், யாருக்கும் போட்டி இல்லை. வெள்ளிக் கெண்டையைச் சேர்த்தால்? அதுவும் மேல் தண்ணீரில் நுண்ணுயிர் தின்கிற மீன். கட்லாவின் வளர்ச்சி அடிபடும். பெரிய பல்கலைக்கழகத்து வார்த்தைகள் இல்லாமல், கலர் மீன் தொட்டியின் மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் என்ற பாடம் முழுவதும் உன் ஊர்க் கண்மாய்க் கரையில் கிடக்கிறது.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் கண்மாயே சாட்சி. 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு ஒரு மீன் வந்தது. அன்றைக்கு மண்டபமும் விருதுநகரும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். சீக்கிரம் பெருகும், எதையும் தின்னும், ஏழைக்கு மலிவாகப் புரதம் கிடைக்கும் என்று நம்பிக் கொண்டுவந்தார்கள். நல்ல நோக்கம்தான். அந்த மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போனது. இடமும் இரையும் போதாமல் அதுவே விரல் நீளத்தில் சிறுத்தது. கூட இருந்த கெண்டைகளின் இரையையும் பறித்தது. 1959-ல் அதைப் பரப்பக் கூடாது என்று இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை போட்டது. ஏழே ஆண்டு! அதற்குள் காலம் கடந்துவிட்டது. இன்றைக்கு நம் கண்மாய்களில் வலை வீசினால் ஜிலேபிக் கெண்டை வராத வலை உண்டா? அதுதான் அந்த மீன்.

அதனால் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்: தொட்டியில் சேராமல் போன மீனைக் கண்மாயிலோ ஊருணியிலோ வைப்பாற்றிலோ கொண்டுபோய் விடாதே. “பாவம், உயிரோடு விடலாம்” என்று நீ விடும் சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியாவிட்டால் கடையில் திருப்பிக் கொடு, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடு. தன் தொட்டிக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவன் ஊர்க் கண்மாய்க்கும் காவல்காரன் ஆகிறான்.

எத்தனை மீன் என்ற கேள்விக்கும் உன் ஊரிலேயே விடை இருக்கிறது. பட்டாசு ஆலையில் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. ஐந்தாவது ஆள் எவ்வளவு நல்லவர், எவ்வளவு திறமைசாலி என்று அந்த விதி கேட்பதில்லை. அறை தாங்கும் அளவு அவ்வளவுதான். உன் தொட்டிக்கும் அப்படி ஓர் எண்ணை நீயே விதித்துக்கொள். ஃபில்டரின் திறன், வாரம் எத்தனை குடம் தண்ணீர் மாற்ற உன்னால் முடியும், கரண்ட் போனால் ஏர் மோட்டார் எத்தனை மணி நேரம் நிற்கும், இவற்றை வைத்து எண்ணைப் போடு. பிறகு எவ்வளவு அழகான மீன் கண்ணில் பட்டாலும் அந்த எண்ணைத் தாண்டாதே. ஆசைக்கு முன்னால் நீ விதித்த விதி வளையவில்லை என்றால், அன்றைக்கு உனக்கு உன் மேலேயே ஒரு மரியாதை பிறக்கும். அந்த மரியாதைக்குப் பெயர்தான் தன்னம்பிக்கை. கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று நூறு தடவை சொல்வதால் அது வராது. ஒரு தடவை சரியாகக் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கின் பக்கம் உறுதியாக நின்றால் வரும்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் பெரிய படிப்புப் படிக்கவில்லை, எனக்கு எப்படி இதெல்லாம் என்கிறாயா? 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அய்ய நாடார், சண்முக நாடார். வேற்று ஊர், வேற்று மொழி. அங்கே சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்த்த இந்தப் பூமியில் தொழில் நின்றது அதனால். எந்தப் பொருளை எந்தப் பொருளோடு எந்த அளவில் சேர்ப்பது என்று அவர்கள் கண்ணால் பார்த்து, கையால் செய்து, நினைவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நீ அவர்கள் ஊர்ப் பிள்ளை! உன் கையில் போன் இருக்கிறது, பேருந்து ஓடுகிறது, கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார்கள். உனக்கு என்ன குறை?

ஒரு நோட்டை எடு. நாற்பது பக்க நோட்டு போதும். தொட்டித் தண்ணீரின் பி.எச்., கடினத்தன்மை, காலை வெப்பம், மதிய வெப்பம் எழுது. சோதனைச் சொட்டு மருந்தும் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு ஜோடி டிஸ்கஸின் விலையைவிடக் குறைவு. நீ சேர்க்க நினைக்கும் இரண்டு மீன்களின் பெயரை எதிரெதிரே எழுதி, தண்ணீர், வெப்பம், வளர்ந்த அளவு, வாய், துடுப்பு, எந்த மட்டத்தில் நீந்தும், எத்தனை எண்ணிக்கையில் வாழும் என்று நிரப்பு. நிரப்ப முடியாத கட்டம் இருந்தால் அந்த மீனை இன்றைக்கு வாங்காதே. எல்லாக் கட்டமும் பொருந்தினாலும் புதிய மீனை நேரே உள்ளே விடாதே. தனித் தொட்டியில் இரண்டு முதல் நான்கு வாரம் வை. வெள்ளைப் புள்ளி நோய் ஒரு மீனோடு வந்து ஒரு தொட்டியையே காலி செய்துவிடும். பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சேர். முதல் ஒரு மணி நேரம் போனைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியைப் பார். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறதா? நிறம் வெளுக்கிறதா? இரைக்கு வர மறுக்கிறதா? உடனே பிரி. நோட்டில் “சேராது” என்று எழுது, ஏன் என்றும் எழுது. தோற்றுவிட்டோம் என்று குன்றாதே. எல்லாம் பொருந்தியும் ஒரு தனி மீன் மட்டும் முரண்டு பிடிப்பது உண்டு. நீ பார்த்ததை நீ நம்பு. இனிமேல் அந்த ஜோடியைப் பற்றி உன்னைக் கேட்காமல் உன் தெருவில் யாரும் மீன் வாங்க மாட்டார்கள்.

அங்கேயிருந்து ஒரு பிழைப்பும் தொடங்கும். பட்டாசுத் தொழிலை மழை நிறுத்துகிறது, ஆய்வு நிறுத்துகிறது, வழக்கு நிறுத்துகிறது. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது எத்தனை வீட்டில் அடுப்பு தணிந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லையில் நாலு சிமென்ட் தொட்டி கட்டி, நம் கடினத் தண்ணீருக்கே பொருந்துகிற கப்பியும் மோலியும் பிளாட்டியும் வளர்த்துக் கடைக்குப் போடுகிற பெண், யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. கப்பி ஏறத்தாழ நாலு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கத் தெரிந்தால், ரகத்தை ரகத்தோடு கலக்காமல் காக்கத் தெரிந்தால், சரக்குக்கு மதிப்பு நிற்கும். சேராததைப் பிரிக்கும் அறிவே அங்கே முதல்!

சென்னைக் கொளத்தூரில் வீட்டுத் தொழிலாகத் தொடங்கிய வண்ண மீன் வளர்ப்புதான் அந்தப் பகுதியை இந்தியா அறிந்த சந்தை ஆக்கியது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகு ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு என்று வகுத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வைத்தது. இப்போது எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது, எவ்வளவு கிடைக்கும் என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேள். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சிவகாசியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம். நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. உன் தண்ணீரின் கணக்கைக் காட்டி, “இந்தத் தண்ணீருக்கு எந்த மீன் சேரும், எதோடு எது சேரும்?” என்று தலை நிமிர்ந்து கேள். போ தங்கையே, இந்த வாரமே போ!